முடிக்குள்ளே என்ன இருக்கிறது: சின்சில்லா தத்தெடுக்கப் போகிறவர்களுக்கு

சின்சில்லாவை முதன்முதலாகக் கையில் வாங்குகிற எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “அட, கனமே இல்லையே!” கண்ணுக்குக் குட்டி முயல் அளவு தெரியும். கையில் வாங்கினால் அரைக் கிலோதான். மீதி அத்தனையும் முடி. தோலில் ஒரே துளையிலிருந்து ஐம்பது அறுபது இழை கொத்தாக முளைக்கும், அணில் எலி மாதிரி கொறித்துத் தின்னும் பிராணி அது. அதன் அழகே அந்த முடிதான். வாங்கப் போகிறவரை ஏமாற்றுவதும் அதேதான்.

என்னை ஏமாற்றியிருக்கிறது. இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்துப் போய், கூண்டோடு சேர்த்து வாங்கி வந்த என் முதல் சின்சில்லாவுக்கு மல்லி என்று பெயர் வைத்தோம். மூன்று வயது என்றார்கள். உருண்டையாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். ஒரு வாரம் கழித்து மருத்துவர் தராசில் வைத்தபோது 370 கிராம். அவர் முதுகில் விரலை அழுத்திப் பார்த்துவிட்டு, என் விரலையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பஞ்சு மெத்தைக்கு அடியில் சீப்பு கிடந்த மாதிரி முதுகெலும்பு நெருடியது. கடைவாய்ப்பல்லின் வேர் தாடைக்குள் இறங்கி வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு நாலு மாதம்தான் இருந்தாள்.

அடுத்ததைத் தேடும்போது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் இருப்பது தெற்குக் கலிபோர்னியா. ஆகவே எங்கே தேடுவது என்பதெல்லாம் அமெரிக்கக் கணக்கு. பிராணியைப் பார்த்து வாங்கும் விதம் எந்த ஊருக்கும் ஒன்றுதான்.

தேடுவதற்கு முன்னால்

முதல் கேள்வி வெயில். சின்சில்லாவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. சிலியில் சுரங்கப் பொறியாளராக இருந்த மத்தியாஸ் சாப்மன் என்பவர் 1923-இல் 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்தார். இன்று வீடுகளில் வளர்வதில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தின் வழிவந்தவை. மலை உச்சியிலிருந்து அவற்றைச் சட்டென்று கீழே இறக்காமல், பல மாதம் எடுத்துக்கொண்டு படிப்படியாக இறக்கி, கப்பலில் பனிக்கட்டி வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். நூறு வருடமாகியும் அந்த உடம்பு மாறவில்லை. ரோமத்துக்காகவே தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் முடி இன்னும் அடர்த்தியாகிவிட்டது.

15 முதல் 21 டிகிரி செல்சியஸ் அதற்குச் சுகம். 27-ஐத் தாண்டினால் ஆபத்து. வளர்ப்பவர்களிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: ஃபாரன்ஹீட்டில் அறையின் வெப்பம், அதோடு ஈரப்பத சதவீதம், இரண்டையும் கூட்டினால் 150-க்குள் இருக்க வேண்டும். 72 டிகிரி, 50 சதவீதம் என்றால் 122. கவலை இல்லை. “சென்னையில் வளர்க்கலாமா?” என்று கேட்கிற உறவினர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் அனுப்புகிறேன். 92 டிகிரியும் 70 சதவீதமும் 162 ஆகிறது. இருபத்துநாலு மணி நேரமும் ஏசி ஓட வேண்டும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேண்டும். வேண்டாம் என்பதே என் பதில். இங்கேயும் ஏசி இல்லாத வீடு என்றால் அதே பதில்தான்.

இரண்டாவது, காலம். பத்து வருடம் சாதாரணமாக இருக்கும். பதினைந்து, இருபது வரை போனவையும் உண்டு. எட்டு வயது மகள் கேட்கிறாள் என்று வாங்கினால், அவள் கல்லூரிக்குப் போன பிறகும் கூண்டைக் கழுவப் போவது நீங்கள்தான். பகலெல்லாம் தூங்கும், நாம் படுக்கப் போகும்போது சக்கரத்தில் ஏறி ஓட ஆரம்பிக்கும். மடியில் வந்து சுருண்டு படுக்கிற ஜாதியும் இல்லை. வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்தில் ‘கூண்டில் வளரும் பிராணி’ பற்றி என்ன இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது: முதலில் மருத்துவர், பிறகுதான் பிராணி. நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். நாய் பூனை மட்டும் பார்க்கிறவருக்குச் சின்சில்லா பல் புரியாது. எக்சாட்டிக் பிராணிகள் பார்க்கும் மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்று தேடுங்கள். போனில் ஒரு கேள்வி கேட்டாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்: “சின்சில்லாவுக்கு வாய்வழியாக அமாக்சிசிலின் கொடுப்பீர்களா?” பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா அழிந்து பிராணி செத்தே போகலாம். “கொடுக்கவே மாட்டோம்” என்று உடனே பதில் வந்தால் அந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

எங்கே தேடுவது

என் பரிந்துரை பிராணிகள் காப்பகம், அதிலும் வளர்ந்த சின்சில்லா. எட்டு வாரக் குட்டி கண்ணைப் பறிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல் கோளாறு அந்த வயதில் தெரியாது. பரம்பரையாக வருவது பாதி, காய்ந்த புல் தின்னாமல் வளர்ந்ததால் வருவது மீதி. இரண்டுமே வெளியே தெரிய வருடங்கள் ஆகும். மூன்று நாலு வயதான ஒன்று ஒழுங்காகப் புல் தின்று, எடை குறையாமல் இருக்கிறது என்றால் அந்தச் சீட்டுக்கட்டில் பாதிச் சீட்டு ஏற்கெனவே திறந்து கிடக்கிறது. காப்பகக்காரர்கள் வாராவாரம் எடை எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

“காப்பகத்தில் சின்சில்லா கிடைக்குமா?” என்று கேட்பார்கள். கிடைக்கிறது. பெட்ஃபைண்டர் தளத்தில் முயல், கினிப் பன்றியோடு சேர்த்துத் தேடலாம். பெரும்பாலும் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டிலிருந்தோ, வீடு மாறுகிறவர்களிடமிருந்தோ வந்திருக்கும். சில சமயம் மொத்தமாகவும் வரும். 2014-இல் இங்கே விஸ்டா என்ற ஊரில் ரோமத்துக்காக நடந்துவந்த பண்ணை ஒன்றை பீட்டா அமைப்பு விலைக்கு வாங்கி மூடியது. அதற்குப் பணம் கொடுத்தவர் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் சாம் சைமன். நானூறுக்கும் மேற்பட்ட சின்சில்லாக்கள் காப்பகங்கள் வழியாக வீடுகளுக்குப் போயின.

குட்டிதான் வேண்டும், குறிப்பிட்ட நிறம்தான் வேண்டும் என்றால் நல்ல பிரீடரை (குட்டி போடவைத்து விற்பவரை) பாருங்கள். எம்ப்ரஸ் கூட்டுறவு, மியூட்டேஷன் சின்சில்லா பிரீடர்ஸ் அசோசியேஷன் ஆகிய இரண்டு பிரீடர் சங்கங்களும் இங்கே கண்காட்சி நடத்துகின்றன. அங்கே வருகிறவர்கள் தாய் தகப்பன் விவரம் எழுதி வைத்திருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு சோதனைக் கேள்வி இருக்கிறது: “வெள்ளையையும் வெள்ளையையும் சேர்ப்பீர்களா? வெல்வெட்டையும் வெல்வெட்டையும்?” இரண்டும் நிற வகைகள். வெள்ளையோ வெல்வெட்டோ, ஒரே மரபணு தாய் தகப்பன் இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தால் கரு பிழைக்காது. சேர்ப்போம் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். ஆறு வாரத்துக்கு முன்பே குட்டியைக் கொடுக்க வருகிறவரிடமும் வேண்டாம். எட்டு வாரம் என்றால் நல்லது.

கடையில் வாங்கினால் பழைய விவரம் எதுவும் கிடைக்காது. விளம்பரத்தில் வருவதை முழுக்க ஒதுக்க மாட்டேன், மல்லி விஷயத்தில் தப்பு என்னுடையதும்தான். ஆனால் அங்கே போகும்போது தராசு கையில் இருக்கட்டும். காட்டிலிருந்து பிடித்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்கும். உண்மையாக இருந்தால் குற்றம். காட்டுச் சின்சில்லா அழிவின் விளிம்பில் இருப்பது.

போனில் கேட்க வேண்டியது

கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் பேசுங்கள். வயது என்ன, எத்தனை கை மாறி வந்தது, என்ன பெல்லட் (அழுத்திச் செய்த குச்சித் தீவனம்), என்ன புல், ஆண் பெண் சேர்ந்து இருந்ததா, பல்லை எப்போதாவது மருத்துவர் பார்த்திருக்கிறாரா, ஏன் கொடுக்கிறீர்கள். இதில் உணவுக் கேள்விதான் முக்கியம். “திராட்சை, வேர்க்கடலை, கார்ன் ஃபிளேக்ஸ், எது போட்டாலும் விரும்பிச் சாப்பிடும்” என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். “புல்?” என்று கேளுங்கள். “அது அவ்வளவாகத் தொடாது” என்று பதில் வந்தால் அது ருசியைப் பற்றிய செய்தி இல்லை. பல் வலிக்கிற சின்சில்லா முதலில் கைவிடுவது புல்லைத்தான். பிறகு பெல்லட்டைக் கைவிடும். கடைசி வரை தின்பது மெத்தென்ற தின்பண்டத்தை. மல்லியின் பழைய வீட்டில் எனக்குக் கிடைத்த பதிலும் இதுதான். அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நேரில் பார்க்கும்போது

மாலை ஆறு ஏழு மணிக்கு மேல் போங்கள். மதியம் போனால் தூங்கி வழிகிற பிராணியைப் பார்ப்பீர்கள், நோயா தூக்கமா தெரியாது. சமையலறைத் தராசு ஒன்றையும், அதில் வைக்க ஆழமான பாத்திரம் ஒன்றையும், ஒரு பிடி டிமோத்தி புல்லையும் (சின்சில்லாவுக்குப் போடும் காய்ந்த புல் வகை) எடுத்துக்கொள்ளுங்கள். காப்பகத்தில் இதைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

முதலில் தொடாமல் கூண்டைப் பாருங்கள். தட்டில் கிடக்கும் புழுக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடும். நீள அரிசி வடிவில், கெட்டியாக, காய்ந்து, ஏறக்குறைய ஒரே அளவில், நிறைய இருக்க வேண்டும். சிறுத்து, ஒரு முனை கூராக, கொஞ்சமாகக் கிடந்தால் சாப்பாடு உள்ளே போகவில்லை. கொழகொழவென்று ஒட்டிக் கிடந்தால் வயிற்றுக் கோளாறு. கூண்டின் தரை முழுக்கக் கம்பி வலையாக இருந்தால் பாதத்தை மறக்காமல் பாருங்கள். மெல்லிய பின்னங்கால் எலும்பு கம்பியில் மாட்டி முறிவதும், பாதத்தில் புண் வருவதும் இப்படிப்பட்ட கூண்டில்தான்.

அடுத்து ஒரு இழை புல்லை நீட்டுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் முறுக்கைப் பார்க்கப் போன அன்று இருபது நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தேன். (இப்போது எங்களோடு இருப்பவன் பெயர் முறுக்கு, அவன் புல் தின்கிற சத்தத்துக்கு வேறு பெயர் பொருந்தவில்லை.) கொஞ்ச நேரம் என்னை மோந்து பார்த்தான். பிறகு முன்னங்கையில் இழையை வாங்கி, ஒரு முனையிலிருந்து நறநறவென்று உள்ளே இழுத்துக்கொண்டே போனான். தாடை பக்கவாட்டில் ஒரே சீராக ஓடியது. அப்படித்தான் ஓட வேண்டும். கடித்துவிட்டுக் கீழே போடுவது, தலையைச் சாய்த்து மெல்லுவது, முன்னங்காலால் வாயைத் துடைத்துக்கொண்டே இருப்பது எல்லாம் கெட்ட அறிகுறி.

பிறகு அங்கே இருப்பவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் பாருங்கள். முடியைக் கொத்தாகப் பிடிக்க விடாதீர்கள். பயந்தால் அந்தக் கொத்தை அப்படியே கழற்றிவிட்டு ஓடிவிடும், அது அதன் தற்காப்பு. முகவாயில் ஆரம்பியுங்கள். கீழே முடி ஈரமாக, திரித்திரியாக ஒட்டியிருக்கிறதா? எச்சில் வடிகிறது என்று அர்த்தம். முகத்தைச் சுத்தம் செய்துவிட்டு உங்களிடம் காட்டலாம். ஆகவே முன்னங்கையின் உள்பக்கத்தையும் பாருங்கள், எச்சிலைத் துடைத்துத் துடைத்து அங்கே முடி சடை பிடித்திருக்கும். மல்லிக்கு அங்கேதான் இருந்தது. கீழ்த்தாடை ஓரமாக விரலை ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் வழவழவென்று இருக்க வேண்டும். பட்டாணி மாதிரி மேடு தட்டுப்பட்டால் பல் வேர் கீழே இறங்குகிறது. ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால் மேல்பல் வேர் மேலே ஏறுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உதட்டை லேசாக விலக்கினால் முன்பல் தெரியும். நல்ல ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். மனிதக் கணக்கில் வெள்ளைப் பல் நல்லது, இங்கே வெளிறிய பல் நல்லதில்லை. இந்தப் பற்கள் ஆயுள் முழுக்க வளரும், வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல். அதைத் தேய்ப்பது புல்.

மற்றவை சீக்கிரம் முடியும். மூக்கு காய்ந்திருக்க வேண்டும். மூக்கு, கண், பாதம் ஆகிய இடங்களில் முடி உதிர்ந்து பொடிப்பொடியாகத் தோல் உரிந்தால் படர்தாமரை, அது நமக்கும் ஒட்டும். விலாவில் முடி கத்தரித்த மாதிரி குட்டையாக இருந்தால் தன் முடியைத் தானே கடிக்கிறது. இதற்குச் சுலபமான வைத்தியம் இல்லை, தெரிந்தே எடுப்பதானால் எடுக்கலாம். வால் அடியில் சுத்தமாக இருக்க வேண்டும். கடைசியாக முதுகில் விரலை அழுத்தி, பிறகு பாத்திரத்தில் வைத்து எடை. வளர்ந்த சின்சில்லா 400-க்குக் கீழே இருந்தால் காரணம் தெரியாமல் எடுக்க வேண்டாம். 500, 600 என்பது நிம்மதியான எண்.

ஆணா பெண்ணா

விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை, அவருக்கே தெரியாமல் இருக்கும் என்பதற்காக. பெண்ணுக்கும் சிறுநீர் கழிக்கும் இடம் சின்னக் கூம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் ஆண் என்றுதான் தோன்றும். பார்க்க வேண்டியது கூம்பை இல்லை, இடைவெளியை. கூம்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவே வெறும் தோல் கொஞ்ச தூரம் தெரிந்தால் ஆண், இரண்டும் ஒட்டினாற்போல் இருந்தால் பெண்.

நண்பர் ஒருவர் அண்ணன் தம்பி என்று சொல்லி ஒரு ஜோடி வாங்கினார். ஒரு காலையில் எனக்குப் போன் செய்தார்: “ராத்திரி ரெண்டு இருந்துச்சு, இப்ப எண்ணினா நாலு.” சின்சில்லாக் குட்டி கண் திறந்து, முழு முடியோடு பிறக்கும், சில மணி நேரத்தில் ஓடும். அதனால்தான் அவருக்குப் பிறந்த மாதிரியே தெரியவில்லை. கர்ப்ப காலம் 111 நாள், பிரசவமான கையோடு மறுபடியும் சினைப்படும். ஆணோடு சேர்ந்திருந்த பெண்ணை எடுக்கிறீர்கள் என்றால் நாள்காட்டியில் 111 நாள் தள்ளி ஒரு குறி போடுங்கள். ஆணாக இருந்தால் மருத்துவரிடம் முதல் தடவை போகும்போது உறுப்பைச் சுற்றி முடி வளையம் இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சேர்ந்து வாழும் ஒரே பால் ஜோடி கிடைத்தால் எடுங்கள், பிரித்து ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் புதிதாக வருவதை ஒரு மாதம் வேறு அறையில் வையுங்கள். அதற்குப் பிறகும் சட்டென்று ஒரே கூண்டில் விட்டால் சண்டை உயிர்போகிற அளவுக்குப் போகும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

கையெழுத்துப் போடும்போது, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்ற வரி இருக்கிறதா பாருங்கள். எடை விவரம் இருந்தால் நகல் வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கான பழைய பெல்லட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள், புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். காரில் முதலில் ஏசியைப் போட்டுக் குளிரவைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.

கூண்டு உயரமாக, தட்டுத்தட்டாக, கம்பியும் சூளையில் உலர்த்திய பைன் மரமுமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வேண்டாம், கடித்து விழுங்கும். தேவதாரு மரத்தூள் வேண்டாம். சக்கரம் கம்பியாக இல்லாமல் மூடிய தளமாக, குறைந்தது 15 அங்குலம். வெயில் விழும் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது, அந்த அடர்த்தியில் முடி காயவே காயாது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை பத்து நிமிடம் புழுதிக் குளியல் போதும். அதற்கென்று விற்கும் எரிமலைத் தூள்தான், கடற்கரை மணல் இல்லை.

சாப்பாடு: எந்நேரமும் புல், நாளைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி பெல்லட், தண்ணீர். அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு இது தாங்கவில்லை. “என்னடா, வாயில்லா ஜீவனுக்கு வெறும் புல்லையே போடுற?” என்று, நான் ஆபீஸ் போனதும் வேர்க்கடலை போட்டிருக்கிறார். சின்சில்லாவுக்கு வாந்தி எடுக்க முடியாது. எண்ணெய்ச் சத்தும் சர்க்கரையும் குடலைக் கெடுத்து வயிறு உப்பிவிட்டால் வெளியே வர வழி இல்லை. முறுக்கு தப்பித்தான். கூண்டின் மேல் ‘புல் மட்டும்’ என்று எழுதி ஒட்டினேன்.

முதல் மூன்று நாள் கையை உள்ளே விடாமல் பேசிக்கொண்டு மட்டும் இருங்கள். ஒரு வாரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். விழித்திருக்கும் பிராணியின் வாய்க்குள் பார்த்து எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் இருந்தால் தலைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சில நூறு டாலர் ஆகும், ஆகட்டும். புழுக்கை நின்றாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாலோ, காது சிவந்து நீட்டிப் படுத்து மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

தராசை உள்ளே எடுத்து வைத்துவிடாதீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். பத்து இருபது கிராம் ஏறி இறங்கும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நன்றாகச் சாப்பிடுகிற மாதிரித் தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள். எங்கள் நோட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி, இட்லி மாவுப் பாத்திரம், உள்ளே முறுக்கு. போன வாரம் 618. இந்த வாரம் 612.